கிக்கர் லேசாக இறங்குகிறதா? ஸ்கூட்டரில் கம்ப்ரஷன் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்கும் முறை

"கம்ப்ரஷன் இல்லை, ஹெட்டை இறக்கணும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். பிளாக், பிஸ்டன், ரிங், போரிங் என்று பட்டியல் தானாக நீளும். கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது. உண்மையில் அது குறைந்த பல ஸ்கூட்டர்களுக்குத் தேவைப்படுவது ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஒரு சின்ன ஸ்பேனரும்தான். காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று தெரியாமல் எஞ்சினைத் திறக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்வதற்காக எஞ்சினைத் திறக்க வேண்டியதும் இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் ஆக்டிவா, ஜூபிட்டர், ஸ்கூட்டி பெப் பிளஸ் போன்ற வண்டிகளுக்குப் பொருந்தும்: ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு வால்வு, கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) முனையில் உள்ள மேக்னெட்டோடு சுழலும் விசிறியால் குளிரும் எஞ்சின். காற்று தப்பிக்க இதில் ஐந்து வாசல்கள்: பிளக் உட்காரும் இடம், ஹெட் கேஸ்கெட், இன்லெட் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் ரிங். சில மாடல்களில் ஆறாவதாக டீகம்ப்ரஷன் அமைப்பும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

முதலில்: உண்மையிலேயே கம்ப்ரஷன்தான் கோளாறா?

கிக்கர் வெறுமனே இறங்குவதாலேயே கம்ப்ரஷன் போய்விட்டது என்று ஆகாது. கிக்கருக்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு சின்னப் பல்சக்கரம் நகர்ந்து வந்து பிடிக்க வேண்டும். அதன் பல் மழுங்கினாலும், அதை அழுத்திப் பிடிக்கும் கம்பி கிளிப் தளர்ந்தாலும் கிக்கர் காற்றில் உதைப்பதுபோல் இறங்கும். வண்டியின் வலப்பக்கம் விசிறி கவரின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே கையால் கிக்கரை அழுத்துங்கள். விசிறி சுழலவில்லை என்றால் கோளாறு இடப்பக்கப் பெல்ட் கேஸுக்குள் இருக்கிறது. விசிறி சுழல்கிறது, ஆனால் எங்குமே தடை தட்டவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

"இழுவை இல்லை" என்ற புகாரிலும் இதே குழப்பம் உண்டு. த்ராட்டிலைத் திருக்கினால் எஞ்சின் இரைச்சல் ஏறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது என்றால் அது பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ சமாசாரம். எஞ்சினே மந்தமாக ஏறி, மேம்பாலத்தில் இருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது திணறினால்தான் கம்ப்ரஷன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஏர் ஃபில்டர், பிளக், சைலன்சர் அடைப்பு மூன்றையும் பார்த்த பிறகே.

கேஜ் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்ப்பது எளிது. சரியாகப் பார்ப்பதுதான் அரிது. பிளக் துளை பெரும்பாலும் 10 மி.மீ மரை. கடையில் கிடைக்கும் கேஜ்கள் காருக்காகச் செய்தவை, 14 மி.மீ முனையோடு வரும். அதற்கு ஓர் அடாப்டர், அதன் பின் ஒரு நீள ஹோஸ் என்று சேர்த்தால் அங்கேயே அளவு கெட்டுவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 109 சிசி எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதம் 10-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் சுமார் 12 சிசி. ஹோஸுக்குள் இருக்கும் 3 சிசி காலியிடம் இதோடு சேர்ந்தால் மொத்தம் 15. விகிதம் 8-க்குச் சற்று மேல் என்று இறங்கிவிடும். எஞ்சின் நன்றாக இருந்தாலும் முள் குறைவாகத்தான் காட்டும். கார் எஞ்சினில் இந்த 3 சிசி பெரிய விஷயமல்ல, ஸ்கூட்டரில் பெரிய விஷயம். ஆகவே காற்றைத் திரும்ப விடாத சின்ன வால்வு, ஹோஸின் எஞ்சின் பக்க முனையிலேயே உள்ள கேஜாகப் பார்த்து வாங்குங்கள்.

பார்க்கும் முறை:

1. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றால் குளிர்ந்த நிலையிலேயே பார்த்து, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

3. கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடல் எஞ்சின் உலோகத்தில் படும்படி, துளையை விட்டுத் தள்ளி வையுங்கள். பிளக் வயரை அந்தரத்தில் விட்டு உதைத்தால் சிடிஐ (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) அல்லது காயில் போகலாம். துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கவும் கூடும்.

4. 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த வண்டிகளில் இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் உள்ளே பீய்ச்சி, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். வேலை முடிந்து மறுபடி மாட்டியபின் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

5. த்ராட்டிலை முழுக்கத் திருக்கிப் பிடியுங்கள். கார்புரேட்டர் வண்டியில் சோக் போடாமல் இருக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்றே வராது, எது வந்து அழுந்தும்?

6. செல்ஃப் என்றால் ஐந்து நொடி, கிக் என்றால் ஏழெட்டு நல்ல உதை. முள் இனி ஏறாது என்று நிற்கும்வரை.

எவ்வளவு காட்டினால் நல்லது? டீகம்ப்ரஷன் குறுக்கிடாத நல்ல நிலை எஞ்சினில் பொதுவாக ஒரு சதுர செ.மீட்டருக்கு 10 முதல் 13 கிலோ, அதாவது 140–185 பிஎஸ்ஐ. 7 கிலோவுக்குக் கீழே போனால் ஸ்டார்ட்டிங் சிரமம் நிச்சயம். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டின் எண்ணே இறுதியானது. அதைவிட முள் ஏறும் விதம் அதிகம் சொல்லும். முதல் உதையிலேயே பாதிக்கு மேல் போய், மூன்று நான்கில் நின்றுவிட்டால் எஞ்சின் ஆரோக்கியம். முதல் உதையில் கொஞ்சமாகவும் பின் ஒவ்வொன்றுக்கும் சிறுகச் சிறுகவும் ஏறினால் ரிங் பக்கம் கசிவு. எத்தனை உதைத்தாலும் தொடக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றால் வால்வைச் சந்தேகியுங்கள்.

இங்கேதான் டீகம்ப்ரஷன் குறுக்கே வருகிறது. சில எஞ்சின்களில், ஸ்டார்ட் செய்யும்போது மோட்டாருக்கும் காலுக்கும் சுமை குறையட்டும் என்று, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் தொடக்கத்தில் எக்ஸாஸ்ட் வால்வை மயிரிழை திறந்து வைக்கும் ஏற்பாடு, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் இருக்கிறது. சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் புதிய ஆக்டிவாக்கள் இந்த ரகம். இவற்றில் கேஜ் குறைவாகக் காட்டுவது இயல்பு. பழைய மாடலின் எண்ணை வைத்துக்கொண்டு புது மாடலின் ஹெட்டை இறக்கினால் நஷ்டம் வண்டிக்காரருக்குத்தான்.

ஆயில் ஊற்றிப் பார்க்கும் சோதனை

பிளக் துளையில் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பது பழைய பாடம். அதில் தப்பில்லை. ஆனால் ஸ்கூட்டரில் அதைச் செய்யும் விதத்தில் இரண்டு கோணல் உண்டு.

ஒன்று அளவு. "ஒரு ஸ்பூன் விடு" என்பார்கள், அது 5 மில்லி. மேலே இருக்கும் இடமே 12 சிசி. அதில் 5 மில்லியை ஆயில் அடைத்துக்கொண்டால் மிச்சம் 7. ரிங் எப்படி இருந்தாலும் முள் எகிறும். உடனே "ரிங் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். சிரிஞ்சில் அளந்து 1 முதல் 2 மில்லிக்கு மேல் விடாதீர்கள்.

இரண்டாவது சிலிண்டரின் கிடை. பல பைக்குகளில் அது நிமிர்ந்து நிற்கும். இந்த ஸ்கூட்டர்களில் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். விட்ட ஆயில் கீழ்ச்சுவரில் தேங்கும், மேல் பாதி ரிங் உலர்ந்தே இருக்கும். ஆகவே ஆயில் விட்டபின் பிளக் துளையைத் துணியால் லேசாக மறைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கிக்கரைப் பத்துமுறை மெதுவாகச் சுழற்றி ஆயிலைப் பரப்புங்கள். பிறகு கேஜ் மாட்டுங்கள். 5 கிலோ காட்டியது 8, 9 என்று ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்துளை) தேய்ந்திருக்கிறது. அரைக் கிலோ ஏறுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

காற்றடித்துக் கேட்பது

இத்தனை சோதனைகளிலும் நம்பகமானது இதுதான். கேஜ் எவ்வளவு என்று சொல்லும், இது எங்கே என்று சொல்லும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதன் மரை உடலில் டியூப் வால்வு ஒன்றைப் பற்றவைத்தால் கருவி தயார். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் போதும்.

பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். மேக்னெட்டில் உள்ள 'டி' குறி கேஸில் உள்ள குறியோடு சேர வேண்டும். அந்த நிலையில், டேப்பெட் மூடிக்குள் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களும் விரலுக்குச் சற்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் நீங்கள் நிற்பது எக்ஸாஸ்ட் முடிவில். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எப்போதும் எஞ்சின் ஓடும் திசையில் மட்டும், அதாவது வலப்பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் போல. குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பக் கூடாது. டீகம்ப்ரஷன் உள்ள எஞ்சினில் அது எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிவிடலாம், இல்லாத கசிவு இருப்பதாகத் தெரியும். இன்னும் இரண்டு சுற்று சுற்றி மறுபடி குறிக்கு வாருங்கள்.

காற்றை ஒரு கிலோவில் தொடங்கி 3 கிலோவுக்குள் நிறுத்துங்கள். 50 மி.மீ போரில் 3 கிலோ அழுத்தம் என்றால் பிஸ்டன் தலையில் ஏறும் சுமை கிட்டத்தட்ட 59 கிலோ. உச்சியிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் கிராங்க் விசுக்கென்று சுழலும். ஆகவே மேக்னெட் நட்டில் ஸ்பேனர் போட்டு ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கிக்கர் பக்கம் யாரும் கால் வைக்க வேண்டாம்.

பிறகு காதை வையுங்கள். ஏர் ஃபில்டர் டியூபைக் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து கேட்கும்போது சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் டிப்ஸ்டிக் துளையில் பலமாக வந்தால் ரிங். மெல்லிய கசிவு அங்கே எப்போதும் இருக்கும், ஏனென்றால் ரிங்கின் வாய் என்பதே ஓர் இடைவெளிதான். ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டிலும் பிளக் அடியிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் நிறுத்தினால் ஆகவில்லை

ஸ்கூட்டர்களில் அடிக்கடி வருவதும், அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. காயில், சிடிஐ, கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றியும் தீராது. காரணம் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, இல்லாமல் போனது.

வால்வு தன் இருக்கையில் லட்சக்கணக்கான முறை அடித்து அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழ்கிறது. அமிழ்ந்தால் வால்வுத் தண்டு மேலே ஏறும், ராக்கரோடு உள்ள இடைவெளி குறையும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை ஒரு மயிரிழை மிஞ்சியிருக்கும், வால்வு மூடும், ஸ்டார்ட் ஆகும். சூடானால் தண்டு நீளும், இடைவெளி பூஜ்யமாகும், வால்வு முழுக்க மூடாது. அரைமணி நேரம் கழித்து ஆறியதும் வண்டி தானே சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்குள் கோளாறு மறைந்தும் போயிருக்கும்.

இதை மனிதர்களே உண்டாக்குவதும் உண்டு. "டப் டப்னு டேப்பெட் சத்தம் வருது" என்று வண்டிக்காரர் குறைப்பட்டால், சத்தம் அடங்கும்வரை ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். காதுக்கு இதமாக இருக்கும். வால்வு மூடாமல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பைச் சுடும், ஏனென்றால் வால்வு தன் சூட்டை இறக்குவதே இருக்கையில் உட்காரும் அந்த நொடியில்தான். லேசான டேப்பெட் சத்தம் கேட்கட்டும், விடுங்கள்.

சரி செய்யும் முறை: எஞ்சின் முழுக்க ஆறியபின், இரவு நிறுத்திக் காலையில் பார்ப்பதே உத்தமம், மேலே சொன்னபடி 'டி' குறிக்குக் கொண்டுவந்து ஃபீலர் கேஜை விடுங்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும், இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் கூட வேறுபடலாம்; கையேட்டில் இருப்பதை வையுங்கள். தகடு இழுக்கும்போது லேசாகப் பிடித்து வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் சேர்ந்து திரும்பும், ஆகவே இறுக்கியபின் மறுபடி அளக்காமல் மூடியைப் போடாதீர்கள். வைத்தபின் கம்ப்ரஷன் திரும்பி, சூட்டிலும் ஸ்டார்ட் ஆனால் வேலை முடிந்தது. திரும்பவில்லை என்றால் வால்வு விளிம்பு ஏற்கெனவே எரிந்திருக்கிறது. ஹெட் இறங்கத்தான் வேண்டும்.

அறிகுறி: குளிரில் பத்து இருபது உதை, ஆயில் குறைகிறது, வெளிர்நீலப் புகை

காலையில் சிரமப்பட்டு, ஓடி ஆயில் பரவியதும் ஓரளவு நன்றாக இருப்பது ரிங் தேய்மானத்தின் குணம். த்ராட்டில் கொடுக்கக் கொடுக்கப் புகை தொடர்ந்து வரும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் வடிகுழாயைப் பாருங்கள்: ஆயில் தேங்கியிருக்கும். துடைத்து, ஆயில் அளவைச் சரியாக வைத்து, சில நாளில் மறுபடி பாருங்கள். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றிய வண்டியிலும் இதே அடையாளம் தெரியும்.

டிப்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, "காற்று புஸ் புஸ்ஸென்று அடிக்கிறது, ரிங் போச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டன் இறங்கும்போது அடியிலுள்ள காற்று தள்ளப்பட்டே தீரும். காற்றோடு புகை வருகிறதா என்பதே கேள்வி.

புகையின் நேரத்தையும் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து, சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது ஒரு கொத்து, நடுவில் சுத்தம் என்றால் அது வால்வு தண்டின் ஆயில் சீல். கம்ப்ரஷன் சரியாகவே இருக்கும். இதற்கு ரிங் மாற்றினால் புகை அப்படியே தொடரும். இன்னொன்று: கீழே உள்ள ஆயில் ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் கேஜ் நன்றாகவே காட்டும், சில சமயம் புது எஞ்சினைவிட நன்றாக. மேலே ஏறும் ஆயில் ரிங்கை அடைத்துக்கொள்ளும், கரி படிந்து மேலிடமும் குறைந்திருக்கும். நல்ல எண் காட்டுகிறதே என்று புகையை அலட்சியம் செய்யாதீர்கள்.

ரிங் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் மாற்றினால் ஓராண்டில் மறுபடி வரும். ஏர் ஃபில்டர் கிழிந்தோ, அதன் டியூப் கிளாம்ப் தளர்ந்தோ தூசி உள்ளே போயிருக்கும். அல்லது ஆயில் வற்றியிருக்கும். முக்கால் லிட்டர் அளவே கொள்ளும் எஞ்சினில் 200 மில்லி குறைந்தால் கால் பங்கு போயிற்று. அல்லது சூடு. விசிறிக் காற்றைச் சிலிண்டரைச் சுற்றிக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறையை யாரோ கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது அதன் இரண்டு ஸ்குரூ இல்லாமல் இடுக்கு விட்டிருக்கும். அந்த உறை அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாத எஞ்சினுக்குக் காற்று பக்கத்தில் அடித்தும் மேலே படாது.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றது, கிக்கர் லேசாகிவிட்டது

தேய்மானம் ஒரே நாளில் வராது. திடீரென்று போனால் முதலில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்து வெளியே வந்திருக்கலாம். பிளக் அடியில் கறுப்புக் கசிவுத் தடம் இருக்கும். மரை நன்றாக இருந்தால் கையால் கடைசிவரை முடுக்கி, புது வாஷர் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று, பழையது என்றால் ஒரு சின்ன இழுப்பு. அலுமினிய மரை, முரட்டுத்தனம் ஆகாது.

பிளக் சரி என்றால் டேப்பெட் மூடியைத் திறந்து, மேக்னெட்டைச் சுற்றி, இரண்டு ராக்கரும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். அசையவே இல்லை என்றால் டைமிங் செயின் அறுந்திருக்கும். அசைகின்றன, ஆனால் 'டி' குறியில் கேம் பல்சக்கரத்தின் குறி நேரே நிற்கவில்லை என்றால் செயின் பல் தாண்டியிருக்கிறது. இதற்கு முன்பே சில வாரங்களாகச் செயின் பக்கத்திலிருந்து சலசலப்பு கேட்டிருக்கும். இந்த நிலையில் செல்ஃபை மீண்டும் மீண்டும் அழுத்துவது பிஸ்டன் வால்வில் முட்டி, வால்வு வளைவதில் போய் முடியலாம்.

டைமிங்கும் சரி என்றால் மிச்சம் மூன்று: வால்வு அடியில் சிக்கிய கரித்துண்டு, சிக்கிக்கொண்ட டீகம்ப்ரஷன், ஓட்டையான பிஸ்டன். முதல் இரண்டிலும் காற்றடிக்கும் சோதனையில் சீறல் பெரும்பாலும் சைலன்சரில் கேட்கும். கரித்துண்டு என்றால் ராக்கரை ஒரு மரக்கட்டையால் சிலமுறை தட்டினாலே விலகிக் கம்ப்ரஷன் திரும்புவது உண்டு. ஓட்டைப் பிஸ்டனில் காற்று முழுவதும் டிப்ஸ்டிக் துளையில் கொட்டும், சந்தேகத்துக்கு இடமிருக்காது.

அறிகுறி: மாதக்கணக்கில் நின்ற வண்டி, அல்லது தண்ணீரில் மூழ்கிய வண்டி

கார்புரேட்டர் வண்டி நின்றே கிடந்தால் ஊசி வால்வு கசிந்து பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கும், சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிவிடும். ரிங்கும் போரும் நன்றாக இருந்தும் கம்ப்ரஷன் இருக்காது. ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றிப் பதினைந்து உதை, 1 மில்லி ஆயில், பிளக்கை உலர்த்தி மாட்டி மறுபடி உதை. பல வண்டிகள் அங்கேயே பிழைத்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கியது வேறு கதை. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருத்தெருவாக ஸ்கூட்டர்கள் தண்ணீருக்குள் நின்றன. அப்படி நின்ற வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் உதைப்பதுதான் பெரிய தவறு. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றாமல் கிக்கரைத் தொடக் கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் டீ நிறத்தில் இருந்தால் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓட்டி, அதையும் வடித்து இன்னொருமுறை. இதை ஓரிரு நாளுக்குள் செய்யாவிட்டால் இரும்பு லைனரில் துரு பிடித்து, ரிங் தன் பள்ளத்திலேயே இறுகிவிடும். பிறகு கம்ப்ரஷன் குறைவது நிச்சயம், போர் கீறப்படுவதும் நிச்சயம்.

ஹெட் கேஸ்கெட் கோளாறைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உதைக்கும்போது சிலிண்டர் பக்கம் 'புஸ்' என்ற சத்தம், ஃபின்களில் ஆயில் ஈரத்தில் ஒட்டிய மண், சோப்பு நுரையில் குமிழி. புது கேஸ்கெட் போடும்போது ஹெட்டின் தட்டையைக் கண்ணாடி மேல் வைத்துச் சரிபாருங்கள். கோணியிருந்தால் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால்

ஹெட்டைக் கழற்றியதும் வால்வைப் பிரிக்காமல், போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். எரி அறைப் பக்கம் கசிந்தால் அந்த வால்வு மூடவில்லை. விளிம்பு எரியாமல் புள்ளி புள்ளியாக இருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு லேப்பிங் செய்தால் போதும். சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல், ஒரே அகலத்தில், சுமார் 1 மி.மீ வர வேண்டும். பேஸ்ட்டின் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது, அது மணல்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிறுத்தி, வாய் இடைவெளியை அளங்கள். சுமார் 50 மி.மீ போரில் புது ரிங்குக்கு 0.10 முதல் 0.30 மி.மீ வரை இருக்கும், அரை மி.மீட்டரைத் தாண்டினால் மாற்ற வேண்டும். போரை மேல், நடு, அடி மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் 0.10 மி.மீட்டரை நெருங்கினால், அல்லது நகத்தில் தட்டும் கீறல் இருந்தால், புது ரிங் மட்டும் போடுவது பணத்தை எரிப்பது. நீள்வட்டமான ஓட்டையில் வட்ட ரிங் உட்காராது. லேத்தில் போரிங் செய்து 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், அல்லது கிடைத்தால் பிளாக் பிஸ்டன் கிட். பிஸ்டனை லேத்காரரிடம் முதலிலேயே கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் வெட்ட வேண்டும்.

மாட்டும்போது ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே, வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி. ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று தடவையாக, கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள்.

போரிங் செய்த எஞ்சின் அன்றே முழு எண்ணைக் காட்டாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ரிங் சுவரோடு ஒத்துப்போக ஓட வேண்டும். ஐடிலில் மணிக்கணக்கில் விட்டுவைப்பதாலும் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டுவதாலும் அது நடக்காது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 500 கி.மீ ஆனதும் ஆயிலை மாற்றி, குளிர்ந்த எஞ்சினில் டேப்பெட்டை மறுபடி அளங்கள், ஏனென்றால் லேப்பிங் செய்த வால்வு அதற்குள் கொஞ்சம் அமிழ்ந்திருக்கும். அதன்பின் அதே கேஜில் கம்ப்ரஷனை எடுத்து, அந்த எண்ணையும் கிலோமீட்டரையும் சீட்டின் அடிப்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்தமுறை யாராவது "கம்ப்ரஷன் இல்லை" என்று சொன்னால் ஒப்பிட ஒரு கணக்கு கையில் இருக்கும்.